கிரிக்கெட் பந்தும் யானைத் தோட்டாவும்

சென்னைக்கோ மதுரைக்கோ விமானம் ஏற வேண்டுமானால் கொல்கத்தாத் தமிழர்களாகிய நாம் டம்டம் போய்த்தான் ஆக வேண்டும். அந்த ஊரின் பெயர் உலகத்து அகராதிகளில் எல்லாம் ஒரு தோட்டாவின் பெயராக ஏறியிருப்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1890-களில் டம்டம்மில் இருந்த ஆங்கிலேயரின் ஆயுதச் சாலையில் உருவானது அந்தத் தோட்டா. உடலுக்குள் புகுந்ததும் மூக்குப் பகுதி நசுங்கி, காளான் போல விரிந்துவிடும். அது கொடுமையானது என்று 1899-ல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் போரில் அதற்குத் தடை விதித்தன. ஆனால் வேட்டையில், அதே விரியும் தோட்டாதான் கருணையுள்ளது என்று இன்றும் பல நாடுகளில் கருதப்படுகிறது. மனிதனுக்குக் கொடுமை, மிருகத்துக்குக் கருணை! இது எப்படி?

நான் இந்நகரப் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன். உந்தம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் வகுப்பில் யாராவது ஒரு பையன் எழுந்து, "சார், அம்புக்குச் சக்தி அதிகமா, துப்பாக்கிக்கா?" என்று கேட்பான். கேட்பதற்கு விளையாட்டாக இருந்தாலும், நன்றாக விடை சொன்னால் இயற்பியலோடு வேறு சில பாடங்களும் அதில் கிடைக்கும். அந்த விடையைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வேட்டையாடச் சொல்லித் தரும் கட்டுரை அல்ல இது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நம் நாட்டில் காட்டு விலங்குகளை வேட்டையாடுவது குற்றம். மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைக் கொல்வதற்குக்கூட அரசின் வனவிலங்குத் தலைமை அதிகாரி எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். ஆனாலும் எது கொல்லும், எது கொல்லாமல் காயப்படுத்தும் என்ற கேள்வி இன்றும் நம் காடுகளில் உயிரோடுதான் இருக்கிறது. கடைசியில் அதற்கு வருவோம்.

இரண்டு அளவுகோல்கள்

பறந்து வரும் எந்தப் பொருளுக்கும் இரண்டு கணக்குகள் உண்டு. எடையை வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். பிள்ளைகள் பள்ளியில் மொமெண்டம் என்று படிப்பது இதைத்தான். எடையை வேகத்தின் இருபடியால் பெருக்கிப் பாதியாக்கினால் கிடைப்பது இயக்க ஆற்றல், அதாவது கைனடிக் எனர்ஜி. வேகம் இரட்டித்தால் உந்தம் இரட்டிக்கும்; இயக்க ஆற்றலோ நான்கு மடங்காகும். ஆகவே கனமாக, மெதுவாக வரும் பொருளுக்கு உந்தத்தில் பெருமை. இலேசாக, வேகமாக வரும் பொருளுக்கு ஆற்றலில் பெருமை.

ஐந்து பொருள்களை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். ஆற்றல் ஜூல் கணக்கில். உந்தம் கிலோகிராம்-மீட்டர்/நொடிக் கணக்கில்.

கிரிக்கெட் பந்து: 160 கிராம், நொடிக்கு 40 மீட்டர். ஆற்றல் 128, உந்தம் 6.4.

வேட்டை அம்பு: 30 கிராம், நொடிக்கு 60 மீட்டர். ஆற்றல் 54, உந்தம் 1.8.

.22 சிறு துப்பாக்கித் தோட்டா: 2.6 கிராம், நொடிக்கு 330 மீட்டர். ஆற்றல் 142, உந்தம் 0.86.

.275 ரைஃபிள் தோட்டா: 11.2 கிராம், நொடிக்கு 700 மீட்டர். ஆற்றல் சுமார் 2,740, உந்தம் 7.8.

.470 யானைத் துப்பாக்கித் தோட்டா: 32.4 கிராம், நொடிக்கு 655 மீட்டர். ஆற்றல் சுமார் 6,950, உந்தம் 21.2.

கிரிக்கெட் பந்து என்பது ஈடன் கார்டனில் ஒரு நல்ல வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 144 கிலோமீட்டரில் வீசும் பந்து. அதன் ஆற்றல் அம்பின் ஆற்றலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். உந்தம் மூன்றரை மடங்கு. ஆனால் மட்டையாளர் அதைக் காலில் கட்டிய பேடில் வாங்கிக்கொண்டு அடுத்த பந்துக்குத் தயாராகிறார். அதே இடத்தில் அந்த அம்பு பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நன்கு எய்த அம்பு ஒரு பெரிய மானின் மார்புக் கூட்டில் ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்துவிடும்.

.22 தோட்டாவைப் பாருங்கள். அதற்கு அம்பைப் போல இரண்டரை மடங்கு ஆற்றல். ஆனால் மான் வேட்டைக்கு அனுமதி உள்ள பல நாடுகளிலும் .22 தோட்டாவால் மானைச் சுடக் கூடாது; அம்புக்கு அனுமதி உண்டு. எனவே ஆற்றலை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. உந்தத்தை மட்டும் பார்த்தாலும் முடியாது. அப்படியானால் கிரிக்கெட் பந்து.275 ரைஃபிளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறதே!

எவ்வளவு ஆழம்?

விடுபட்ட அளவு ஒன்று இருக்கிறது. அந்த எடை எவ்வளவு பரப்பின் பின்னால் குவிந்திருக்கிறது என்பதே அது. முன்பக்கப் பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்று கணக்கிட்டால் விஷயம் விளங்கும். கிரிக்கெட் பந்துக்கு 4 கிராம்தான். .22 தோட்டாவுக்குச் சுமார் 10. .275-க்கு 27. .470-க்கு 28. எட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள அம்புக்கோ 60! மெல்லிய தண்டின் பின்னால் எடை முழுவதும் வரிசையாக நிற்கிறது. தலையில் கூரான அலகு வேறு. அது தசையைத் தள்ளுவதில்லை, அறுத்துக்கொண்டே போகிறது. வேகம் குறைவாக இருப்பதும் ஒருவகையில் அம்புக்கு நன்மையே. ஈரமான திசு காட்டும் எதிர்ப்பு வேகத்தின் இருபடியோடு ஏறுவதால், மிக வேகமாக வரும் இலேசான தோட்டா தன் ஆற்றலைச் சீக்கிரமே செலவழித்துவிட்டு நின்றுவிடுகிறது.

புறநானூற்றில் வன்பரணர், கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் வில்லாண்மையைப் பாடியிருக்கிறார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்ச் செருகியதாம். இது புலவரின் மிகை என்பது தெரிந்ததே. ஆனால் அந்த மிகையும் எந்தத் திசையில் போகிறது என்று கவனியுங்கள். அம்பு யானையை இடித்துத் தள்ளியதாகப் பாடவில்லை. துளைத்துக்கொண்டே போனதாகப் பாடுகிறார். அம்பின் பெருமை ஊடுருவலில் இருக்கிறது என்பதை அந்தக் காலத்தவர் கண்ணால் பார்த்து அறிந்திருக்கிறார்கள்.

இப்போது .275-ஐயும் .470-ஐயும் மறுபடி பாருங்கள். எடையில் ஒன்றுக்கு மூன்று. ஆனால் பரப்புக்கு எடை என்ற கணக்கில் இரண்டும் ஏறக்குறைய சமம். வேகமும் ஏறக்குறைய சமம். ஆகவே இரண்டும் யானையின் மண்டை ஓட்டுக்குள் ஏறக்குறைய ஒரே ஆழம் போகும். இதைத் தன் தொழிலால் நிரூபித்தவர் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் (1880–1954). ஆப்பிரிக்காவில் தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அவற்றில் பெரும்பகுதியை இந்தச் சிறிய .275 வகைத் துப்பாக்கியால்தான் கொன்றார். யானையின் மண்டை ஓட்டை அறுத்துப் பார்த்து, மூளை எந்த இடத்தில் இருக்கிறது, எந்தக் கோணத்தில் சுட்டால் எட்டும் என்று பழகிக்கொண்டார். விரியாத, உறுதியான, நீண்ட தோட்டாவையே பயன்படுத்தினார். அவர் செய்த தொழிலை இன்று யாரும் புகழ மாட்டோம். ஆனால் பெரிய துப்பாக்கி இருந்தால்தான் பெரிய மிருகம் விழும் என்ற நம்பிக்கையை அவருடைய அனுபவம் உடைத்துவிட்டது.

சூத்திரம் செய்த வேடிக்கை

ஜான் டெய்லர் என்ற இன்னொரு ஆப்பிரிக்க வேட்டைக்காரர் 1948-ல் வெளியிட்ட நூலில் ஒரு சூத்திரம் தந்தார். தோட்டாவின் எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கி 7,000-ஆல் வகுக்க வேண்டும். எடை கிரெயினில், வேகம் நொடிக்கு அடியில், விட்டம் அங்குலத்தில். யானையின் தலையில் சுட்ட குண்டு மூளையைத் தவறவிட்டாலும், எந்த அளவுக்கு அதை மயக்கி நிறுத்தும் என்பதை ஒப்பிடவே அவர் இதை அமைத்தார். .470-க்கு 73 மதிப்பெண் வருகிறது. பெல்லின் .275-க்கு 16.

வேட்டைக்காரர்களில் பலர் இதைக் கொல்லும் சக்திக்கே அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். இதே சூத்திரத்தில் கிரிக்கெட் பந்தைப் போட்டுப் பார்த்தால் என்ன? எடை 2,469 கிரெயின், வேகம் நொடிக்கு 131 அடி, விட்டம் 2.83 அங்குலம். விடை 131! யானைத் துப்பாக்கியைக் காட்டிலும் நம் பந்துவீச்சாளருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு மதிப்பெண். ஒரு சூத்திரம் எந்த வேலைக்காக அமைந்ததோ அதைவிட்டு வெளியே கொண்டுபோனால் எங்கே கொண்டு நிறுத்தும் என்பதற்கு மாணவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சினிமாவில் பறக்கும் வில்லன்

சினிமாவில் குண்டு பட்டவன் பத்தடி பின்னால் பறந்துபோய் விழுகிறான். புலியாக இருந்தாலும் அப்படியே. உந்தம் அழிவதில்லை என்ற விதியை வைத்துப் பார்ப்போம். 200 கிலோ எடையுள்ள புலியின் உடலில் .470 தோட்டா தங்கிவிடுகிறது என்றால் 21.2-ஐ 200-ஆல் வகுக்க வேண்டும். நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகம்தான் வருகிறது. குழந்தை தவழும் வேகம்கூட இல்லை. தோட்டா புலியைத் தள்ளிப் பறக்கவிடுமானால், அதே உந்தம் துப்பாக்கி வழியாகச் சுட்டவரின் தோளிலும் இறங்குகிறதே, அவரும் அல்லவா பின்னால் பறக்க வேண்டும்!

அப்படியானால் சுட்டவர் ஏன் சாவதில்லை? உந்தம் இருபக்கமும் சமம், ஆற்றல் சமமல்ல. தோட்டாவின் உந்தத்தை மட்டும் கணக்கில் கொண்டால் 5 கிலோ எடையுள்ள துப்பாக்கி நொடிக்கு 4.2 மீட்டர் வேகத்தில் பின்னால் உதைக்கும். அதன் ஆற்றல் 45 ஜூல் அளவே. தோட்டாவிடமோ 6,950. எடை குறைந்தவனுக்கே ஆற்றலில் பெரும்பங்கு. அந்தச் சிறு பங்கும் அகலமான கட்டை வழியாகத் தோளில் பரவிப் போகிறது.

உயிர் எப்படிப் போகிறது?

மூளையோ கழுத்துத் தண்டோ அடிபட்டால் விலங்கு நின்ற இடத்திலேயே விழும். மற்றபடி எல்லாச் சாவும் இரத்தம் போவதால் வருவதுதான். இதயமே கிழிந்தாலும் மூளையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனில் சுமார் பத்து நொடிக்கு நினைவு இருக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் ஓடும் புள்ளிமான் அந்தப் பத்து நொடியில் நூறு மீட்டருக்கு மேல் போய்விடும். அதே பத்து நொடி புலியிடம் இருந்தால், பக்கத்தில் நிற்பவருக்கு அது மிக நீண்ட நேரம்.

இரத்தத்தை வெளியேற்றுவதில் அம்புக்கும் தோட்டாவுக்கும் வழி வேறு. அம்பு தன் அலகின் அகலத்துக்கு மட்டும் இரத்தக் குழாய்களை அறுக்கிறது. நொடிக்கு 600 மீட்டருக்கு மேல் வரும் ரைஃபிள் தோட்டா, தன்னைச் சுற்றியுள்ள திசுவைக் கண நேரம் பலூன் போல விரித்துவிட்டுப் போகிறது. நுரையீரல் போன்ற மீளும் தன்மையுள்ள உறுப்பு அதை ஓரளவு தாங்கும். கல்லீரல் தாங்காமல் கிழிந்துவிடும். மூக்கு விரியும் தோட்டாவானால் துளையும் பெரிது. ஆற்றலும் உடலுக்குள்ளேயே செலவாகிறது. டம்டம்மின் புதிருக்கு விடை இங்கே இருக்கிறது. போரில் எதிரியைச் செயலிழக்கச் செய்தால் போதும், அதற்கு மேல் வதைக்கக் கூடாது என்பது ஹேக் நகரத்து எண்ணம். வேட்டையிலோ மிருகம் காயத்தோடு தப்பி, நாள்கணக்கில் துடிப்பதைவிடச் சீக்கிரம் சாவதே மேல் என்பது எண்ணம். பொருள் ஒன்றே, நோக்கம் வேறானதால் தீர்ப்பும் வேறானது.

அம்புக்கு இன்னொரு குறையும் உண்டு. முப்பது மீட்டர் தூரம் போக அதற்கு அரை நொடி வேண்டும். அதற்குள் புவியீர்ப்பு அதை 1.2 மீட்டர் கீழே இழுத்துவிடும். எய்பவர் அந்த அளவு மேலே குறி வைக்க வேண்டும். நாணின் ஓசையோ பத்தில் ஒரு நொடிக்குள் மானின் காதுக்குப் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் நேரத்தில் மான் ஓர் அடி நகர்ந்தால் போதும், இதயத்துக்கு வைத்த குறி வயிற்றில் படும். ஆகவே வில்லாளி நெருங்கிப் போக வேண்டும், அல்லது எய்யாமல் திரும்ப வேண்டும்.

பாதி வேலை செய்த குண்டு

இத்தனை கணக்கும் ஏன் முக்கியம் என்பதை ஜிம் கார்பெட்டின் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். 1907-ல் குமாவுன் மலையில் அவர் சுட்டு வீழ்த்திய சம்பாவத் பெண்புலி, நேபாளத்திலும் இந்தியாவிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. இறந்த புலியைப் பார்த்தபோது அதன் வலப்பக்கத்துக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. ஒன்று பாதியாக, மற்றொன்று எலும்பு வரை. எப்போதோ யாரோ சுட்ட குண்டு செய்த வேலை அது. இயற்கையான இரையைப் பிடிக்க முடியாமல் போய்த்தான் அது மனிதர்களிடம் வந்தது என்பது கார்பெட்டின் முடிவு. புலி ஆட்கொல்லியாவதற்குப் பத்தில் ஒன்பது முறை காயமே காரணம் என்று 1944-ல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். எல்லாக் காயமும் மனிதன் செய்ததல்ல. முள்ளம்பன்றியின் முட்களும் அப்படிச் செய்யும். ஆனால் அந்தப் பல்லை உடைத்தது குண்டு.

சுட்டவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அவருடைய தோட்டாவுக்கு ஆற்றல் குறைவாக இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பட வேண்டிய இடத்துக்குச் சில அங்குலம் தள்ளிப் பட்டது, அவ்வளவுதான். அதற்கான விலையை அவர் கொடுக்கவில்லை. விறகு பொறுக்கவும் புல் அறுக்கவும் போன மலைக்கிராமத்துப் பெண்கள் கொடுத்தார்கள்.

இன்றும் இந்தக் கதை முடியவில்லை. கோவை, நீலகிரிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு அவுட்டுக்காய் தெரிந்திருக்கும். காட்டுப்பன்றிக்காக உணவுக்குள் வெடிமருந்து வைத்துப் போடுவது. அது யார் வாயில் வெடிக்கும் என்று வைத்தவர் தீர்மானிக்க முடியாது. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் அப்படி வாய் சிதைந்த ஒரு கர்ப்பிணி யானை, வெள்ளியாற்றுத் தண்ணீரில் துதிக்கையையும் வாயையும் அமிழ்த்தியபடி நின்றே இறந்தது. வெடியின் ஆற்றல் யானையைக் கொல்லப் போதாது. தின்ன முடியாமல் செய்யப் போதும். கொல்லும் திறன் குறைந்த ஆயுதம் இரக்கமுள்ள ஆயுதம் ஆகிவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆற்றல் வேண்டாத அம்பு

இந்தக் கணக்கு முழுவதும் தலைகீழாகும் இடம் ஒன்று உண்டு. ஊருக்குள் வந்துவிட்ட புலிக்கோ யானைக்கோ வனத்துறை மருத்துவர்கள் செலுத்தும் மயக்க ஊசி. 12 கிராம் ஊசி நொடிக்கு 50 மீட்டரில் போனால் ஆற்றல் 15 ஜூல்தான். அது தோலைத் தாண்டித் தசையில் நின்றால் போதும். மீதி வேலையை மருந்து பார்த்துக்கொள்ளும். இங்கே ஆற்றல் கூடினால்தான் ஆபத்து. ஊசி எலும்பை உடைக்கலாம், வயிற்றுக்குள் போய்விடலாம். ஆகவே மருத்துவர் தூரத்தை மதிப்பிட்டு, கிட்டே இருந்தால் துப்பாக்கியின் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்கிறார். தொடை, தோள் போன்ற தடித்த தசையில் குறி வைக்கிறார். மருந்து ஏறப் பல நிமிடங்கள் ஆகும். அதுவரை கூட்டம் கூச்சல் போடாமல் இருந்தால் அவருக்கும் விலங்குக்கும் நல்லது. செய்தியில் இதைப் பார்க்கும்போது "சுட்டும் புலி விழவில்லையே" என்று பிள்ளைகள் கேட்டால், விடை இதுதான்.

கடைசியாக, வீட்டுக்குள் இருக்கும் ஆயுதம். 20 ஜூலுக்கு உட்பட்ட, 4.5 மில்லிமீட்டர் வாயுள்ள ஏர்கன்னுக்கு நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. அதனால் அது பொம்மை என்று பலர் எண்ணுகிறோம். மேலே சொன்ன மயக்க ஊசியின் ஆற்றலை மறுபடி பாருங்கள்: 15 ஜூல். அது புலியின் தோலைத் துளைக்கும் என்றால், அதே அளவு ஆற்றல் அரை கிராம் ஈயக்குண்டில் குவிந்து ஒரு புறாவையோ, பக்கத்து வீட்டுக் குழந்தையின் கண்ணையோ என்ன செய்யும்? அருணாசலப் பிரதேசத்தில் 2021-ல் தொடங்கிய இயக்கத்தில் மக்கள் தாங்களாகவே முன்வந்து 2,000-க்கும் மேற்பட்ட ஏர்கன்களை அரசிடம் ஒப்படைத்தார்கள். பறவைகள் காட்டிலிருந்து மறைந்துகொண்டே வந்ததுதான் காரணம். வேட்டை வழிவழியாக வந்த மலைமக்களே அதைச் செய்திருக்கிறார்கள். கொல்கத்தா அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியில் நின்று புறா சுடும் பையனிடம் ஏர்கன்னை வாங்கி வைத்துவிட்டு, ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, கிரிக்கெட் பந்தின் கணக்கிலிருந்து ஆரம்பித்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உந்தம், இயக்க ஆற்றல் என்ற இரண்டு தமிழ்ச் சொற்களும் அவனுக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.